டிரையத்லானும் உடல் கொழுப்பும்: ஆண்களின் கணக்கு பெண்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் பழக வருகிற எவர் காதிலும் முதலில் விழும் அறிவுரை, "எடையைக் குறை, வேகம் தானாக வரும்" என்பதுதான். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியும் பெரும்பாலும் ஆண்களை அளந்து எடுத்தது.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் பியாட் நெக்ட்லேயும் அவருடைய குழுவினரும் டிரையத்லானின் நெடுந்தூர வடிவமான அயர்ன்மேனில் இறங்கும் அமெச்சூர் போட்டியாளர்களைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். தோல்மடிப்பு (தோலைக் கிள்ளிப் பிடித்து அதன் அடியில் உள்ள கொழுப்பை அளப்பது), கை கால் சுற்றளவு, வாரத்தில் எத்தனை மணி நேரப் பயிற்சி, போட்டியை முடித்த நேரம் என்று எல்லாவற்றையும் குறித்து, எது எதோடு ஒட்டிப்போகிறது என்று பார்ப்பார்கள். 2010-இல் இந்தக் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே எடுத்துக்கொண்டது. ஆண்களிடம் உடல் கொழுப்புச் சதவீதம் ஏற ஏற முடிக்கும் நேரமும் ஏறியது. தொடர்பு நன்றாகவே தெரிந்தது. பெண்களிடம் அந்தத் தொடர்பைக் காணோம். பெண்களின் நேரத்தோடு ஓரளவு ஒட்டிப்போனது வாராந்திரப் பயிற்சி அளவு. ஆண்களிடமோ அது ஒட்டவில்லை.

ஒரே போட்டி, ஒரே தூரம், ஒரே பாதை. அப்படியிருக்க, உடலின் ஓர் அளவு ஒரு பாலினருக்கு மட்டும் ஏன் பேசுகிறது? இதற்குப் பதில் தேட, போட்டி உடலிடம் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முழு அயர்ன்மேன் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் நடக்கும் குறுகிய வடிவமான ஒலிம்பிக் தூரம், அதே வரிசையில் 1.5, 40, 10 கிலோமீட்டர். பன்னிரண்டரை மணி நேரத்தில் அயர்ன்மேனை முடிக்கும் ஓர் அமெச்சூரை எடுத்துக்கொள்வோம். நீச்சலுக்கு ஒன்றேகால் மணி, சைக்கிளுக்கு ஆறேகால், ஓட்டத்துக்கு நாலேமுக்கால், உடை மாற்றும் இடத்தில் கால் மணி என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். மொத்த நேரத்தில் நீச்சல் பத்தில் ஒரு பங்கு, சைக்கிள் பாதி. நீச்சலில் பத்து சதவீதம் முன்னேறினால் ஏழரை நிமிடம் மிஞ்சும். சைக்கிளில் அதே பத்து சதவீதத்துக்கு முப்பத்தேழரை நிமிடம்.

அமெச்சூர் போட்டிகளில் பொதுவாக டிராஃப்டிங் கூடாது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்க முடியாது. ஒலிம்பிக்கில் ஓடும் எலைட் வீரர்களுக்கு அது உண்டு. கூட்டத்தோடு சைக்கிளில் போய், கடைசி 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் முடிவைத் தீர்த்துக்கொள்வார்கள். அதனால் டிவியில் பார்க்கும் அந்த ஒல்லியான ஓட்டக்கார உடலை அமெச்சூர் அயர்ன்மேனுக்கு அளவுகோலாக வைப்பது தவறு. இரண்டும் பெயரளவில்தான் ஒரே விளையாட்டு.

உள்ளே ஓடும் இன்ஜின்

நீண்ட தூர விளையாட்டு எதுவானாலும் உடலியல் ஆய்வாளர்கள் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். 1991-இல் மைக்கேல் ஜாய்னர் மாரத்தானை முன்வைத்துத் தெளிவாக எழுதிய சட்டகம் இது. ஒன்று, விஓ2 மேக்ஸ்: உடல் நிமிடத்துக்கு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது. இரண்டு, லாக்டேட் த்ரெஷோல்ட்: அந்த அதிகபட்சத்தில் எத்தனை சதவீதத்தை நெடுநேரம் தாங்க முடியும் என்பது. மூன்று, சிக்கனம்: குறிப்பிட்ட வேகத்தில் போக எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பது.

ஸ்மார்ட் வாட்ச் வந்த பிறகு எல்லோருக்கும் முதல் எண்மீது மட்டும் காதல். இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவரின் விஓ2 மேக்ஸ், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 52 மில்லிலிட்டர். அதில் 70 சதவீதத்தைத் தாங்குகிறார். இன்னொருவருக்கு 48 தான், ஆனால் 80 சதவீதத்தைத் தாங்குகிறார். முதலாமவரின் கையில் இருப்பது 36.4, இரண்டாமவரிடம் 38.4. வாட்ச் திரையில் பின்தங்கியவர்தான் சாலையில் முன்னே போவார். விஓ2 மேக்ஸில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு. சில ஆண்டுகள் நன்றாகப் பயிற்சி செய்தபின் அது பெரிதாக அசையாது. த்ரெஷோல்டும் சிக்கனமும் அதற்குப் பிறகும் மெல்ல மெல்ல முன்னேறும். பல வருடம் பழகிய நாற்பது வயதுக்காரர், புதிதாக வந்த இருபத்தைந்து வயதுக்காரரைத் தாண்டிப் போவதன் காரணங்களில் இது முக்கியமானது.

இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் சமீப ஆண்டுகளில் சேர்த்துப் பேசுகிறார்கள்: தாக்குப்பிடிக்கும் திறன். காலையில் புத்துணர்வோடு ஆய்வகத்தில் எடுத்த எண்கள், ஆறு மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்பது. என் கணிப்பில், அமெச்சூர் அயர்ன்மேனில் ஒருவரை ஒருவரிடமிருந்து பிரிக்கும் முதன்மையான சங்கதி இதுதான். ஆனால் இதை அளக்க ஆளை முதலில் களைப்படையச் செய்ய வேண்டும். அதனாலேயே பழைய ஆய்வுகளில் இது அதிகம் தென்படாது.

ஆண் பெண் இடைவெளி

ஹவாய் அயர்ன்மேனில் 1981 முதல் 2007 வரை முதல் பத்து இடம் பெற்றவர்களின் நேரங்களை பிரெஞ்சு ஆய்வாளர் ரோமுவால் லெப்பேர் அலசியிருக்கிறார். ஆண் பெண் இடைவெளி மொத்த நேரத்தில் சுமார் 12.6 சதவீதம். பிரித்துப் பார்த்தால் நீச்சலில் 10 சதவீதத்துக்குச் சற்றே குறைவு, சைக்கிளிலும் ஓட்டத்திலும் 13 சதவீதத்தை ஒட்டி.

இந்த இடைவெளி பருவமடைதலில் தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறும்போது ஆண் உடலில் தசை கூடுகிறது, இதயம் பெரிதாகிறது, ஹீமோகுளோபின் உயர்கிறது. வயது வந்த பெண்களின் ஹீமோகுளோபின் ஆண்களுடையதைவிடச் சராசரியாகப் பத்து, பன்னிரண்டு சதவீதம் குறைவு. ஆக்சிஜனைச் சுமப்பதே அதுதான் என்பதால், மற்ற எல்லாம் சமமாக இருந்தாலும் விஓ2 மேக்ஸ் அந்த அளவுக்குக் குறையும். கூடவே, உயிர்வாழ இன்றியமையாத கொழுப்பே ஆணுக்கு உடல் எடையில் 3 சதவீதம், பெண்ணுக்கு 12 சதவீதம் என்று பாடப்புத்தகங்கள் கணக்கு வைக்கின்றன. அந்த ஒன்பது சதவீதம் சோம்பலால் சேர்ந்ததல்ல; உடலின் கட்டுமானத்திலேயே உள்ளது.

நீச்சல் இடைவெளி மட்டும் சிறியது என்பது முதலில் முரணாகத் தோன்றும். தசை வலிமையில் ஆணும் பெண்ணும் அதிகம் விலகுவது காலில் அல்ல, கையிலும் தோளிலும்தான். நீச்சலோ கையும் தோளும் செய்யும் வேலை. அப்படியானால் அங்கே இடைவெளி பெரிதாக அல்லவா இருக்க வேண்டும்? தண்ணீர் இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. நீந்துகிறவரின் பெரும்பகுதி சக்தி தண்ணீரின் எதிர்ப்பைத் தள்ளுவதில் போகிறது. பெண் உடலின் அடர்த்தி குறைவு. இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு இருப்பதால் கால்கள் அவ்வளவாகத் தாழ்வதில்லை. உடல் மட்டமாக மிதக்கும்போது எதிர்ப்பு குறைகிறது, ஒரு மீட்டர் நீந்த ஆகும் செலவும் குறைகிறது. தரையில் சுமையாக இருந்த அதே கொழுப்பு தண்ணீரில் மிதவையாகிவிடுகிறது.

தசைப்பிடிப்பான, கொழுப்பு குறைந்த ஆண்கள் பலர் நீச்சலில் காலை இழுத்துக்கொண்டு போவதற்கும் இதுவே காரணம். உடலை மிதக்கவைக்கும் ரப்பர் நீச்சல் உடையான வெட்சூட் அணிந்தால் அதிகம் பயன்பெறுகிறவர்களும் அவர்கள்தாம். ஏற்கெனவே நன்றாக மிதக்கிறவருக்கு அது தரும் ஆதாயம் குறைவு. அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணீரின் வெப்பநிலை 24.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வயதுப் பிரிவில் பரிசுக்காகப் போட்டியிடுகிறவர்கள் வெட்சூட் அணிய முடியாது. அந்த நாளில் பழக்கப்பட்ட வரிசை கொஞ்சம் மாறுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

சைக்கிளில் எடைக்கு உள்ள மதிப்பு

சமதளத்தில் மணிக்கு 35 கிலோமீட்டரில் போகும்போது சைக்கிள்காரரின் முக்கிய எதிரி காற்று. எதிர்ப்பைச் சமாளிக்க மிதிக்க வேண்டிய சக்தி, அதாவது வாட் அளவு, வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தில் ஏறுகிறது. இங்கே தீர்மானிப்பது மொத்த வாட்டும், காற்றுக்கு முன் நாம் காட்டும் பரப்பும். ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்ற புகழ்பெற்ற விகிதம் ஏற்றத்தில்தான் உண்மையாகப் பேசும். உயரமும் எடையும் கூடியவருக்கு வாட் அதிகம். அவருடைய முன்பரப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. சமதளத்தில் பெரிய உடலுக்கு ஆதாயம், மலைப்பாதையில் சிறிய உடலுக்கு. சராசரிப் பெண்ணின் உடல் சிறியது என்பதால் தட்டையான பாதைகள் அவருக்கு அவ்வளவாக உதவுவதில்லை. இதற்கு மருந்து உணவுத்தட்டில் இல்லை. உட்காரும் நிலையில் இருக்கிறது: கைகளை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி, அந்த நிலையில் ஐந்தாறு மணி நேரம் கழுத்து வலிக்காமல் தாங்கப் பழகுவதில்.

எடையின் கணக்கு ஓட்டத்தில் தலைகீழ். ஒவ்வோர் அடியிலும் முழு எடையையும் தூக்கி இறக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் நிமிடத்துக்கு 3.5 லிட்டர் ஆக்சிஜன் பயன்படுத்துகிறார் என்றால் அவருடைய எண் 50. தசையும் ரத்தமும் குறையாமல் 3 கிலோ கொழுப்பு மட்டும் போனால் அதே 3.5 லிட்டர் 52.2 ஆகிவிடும், புதிதாக ஒரு பயிற்சியும் செய்யாமலே. "எடையைக் குறை" என்ற அறிவுரையின் உண்மையான பாதி இதுதான். வெயில் ஏறிய மதியத்தில் ஓடும்போது சிறிய உடலுக்கு இன்னொரு சலுகையும் கிடைக்கும்: எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம் என்பதால் சூட்டை எளிதாக வெளியேற்றும்.

ஆனால் டிரையத்லானில் ஓடுவது வெறும் ஓட்டமல்ல. சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதல் இரண்டு கிலோமீட்டர் கால்கள் யாருடையவோ போல இருக்கும். தனியாக ஓடுவதோடு ஒப்பிட்டால் டிரையத்லானின் இறுதியில் ஓட்டத்தின் ஆற்றல் செலவு 1.6 முதல் 11.6 சதவீதம் வரை கூடுவதாக ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த விரிவைக் கவனியுங்கள். தேர்ந்தவருக்குச் சில்லறை இழப்பு. புதியவருக்குப் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 3 கிலோ எடை குறைத்துச் சம்பாதித்த நான்கு சதவீதத்தை இது ஒரே வாயில் விழுங்கிவிடும். சைக்கிள் முடித்த கையோடு ஓடிப் பழகும் பிரிக் பயிற்சியைப் பயிற்சியாளர்கள் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான்.

களைப்பைத் தாங்குவதில் பெண்களுக்குச் சில அனுகூலங்களும் உண்டு. ஒரே ஒப்பீட்டுத் தீவிரத்தில் பெண்களின் தசை சற்று அதிகமாகக் கொழுப்பை எரித்து, தசையில் சேமித்துவைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனை மிச்சம் பிடிக்கிறது; ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு இதில் பங்குண்டு. சைக்கிளில் ஆரம்பத்திலேயே ஆவேசமாக மிதித்துவிட்டு ஓட்டத்தில் நடக்கும் பழக்கமும் ஆண்களிடம்தான் அதிகம். அமெரிக்காவின் 14 மாரத்தான்களில் ஓடிய 91,000-க்கும் மேற்பட்டோரின் நேரங்களை அலசிய ஆய்வில், இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக 15.6 சதவீதமும் பெண்கள் 11.7 சதவீதமும் வேகம் குறைந்திருந்தார்கள். அது உடலாலா, சுபாவத்தாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் கலந்தது என்றே நினைக்கிறேன்.

மறுபடியும் அந்தப் புதிர்

இப்போது கொழுப்புச் சதவீதத்துக்குத் திரும்பலாம். நீச்சலில் மிதவை, சமதள சைக்கிளில் அநேகமாகப் பொருட்டில்லை, ஓட்டத்தில் சுமை. மூன்றும் சேர்ந்த போட்டியில் அதன் பங்கு நாம் எதிர்பார்ப்பதைவிடச் சிறியதாகத்தான் இருக்க முடியும். அப்படியிருந்தும் ஆண்களிடம் அது ஏன் அவ்வளவு வலுவாகத் தெரிகிறது?

என் வாசிப்பு இது: ஆண்களிடம் கொழுப்புச் சதவீதம் ஒரு சாட்சி மட்டுமே, குற்றவாளி அல்ல. பத்து ஆண்டுகளாக விடாமல் பயிற்சி செய்தவரின் கொழுப்பு குறைந்திருக்கும். அவருடைய த்ரெஷோல்டும் சிக்கனமும் தாக்குப்பிடிக்கும் திறனும் உயர்ந்திருக்கும். வேகம் பின்னவற்றால் வந்தது. கொழுப்பு கூடவே இறங்கியது. வாரப் பயிற்சி நேரம் ஆண்களிடம் ஒட்டாததையும் இப்படிப் புரிந்துகொள்ளலாம்: கேள்வித்தாள் கேட்பது சமீப மாதங்களின் பயிற்சியை; உடல் காட்டுவது பல வருடக் கணக்கை. பெண் உடலில் இனப்பெருக்கத்துக்காக ஒதுக்கிய கொழுப்பு பயிற்சிக்கு அவ்வளவு எளிதில் அசைவதில்லை, ஆளுக்கு ஆள் பரம்பரையாகவும் மாறுபடும். அதனால் அங்கே அந்தச் சாட்சி நம்பகமாகப் பேசுவதில்லை.

எண்களைக் கையாளும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பத்து ஆண்கள், எல்லோருக்கும் கொழுப்பு 14 சதவீதத்தை ஒட்டி, முடித்த நேரம் 12 மணியை ஒட்டி. குழுவுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை என்று வைப்போம். பத்துப் பெண்கள், கொழுப்பு 23, நேரம் பதின்மூன்றரை, அங்கும் தொடர்பில்லை. இந்த இருபது பேரையும் ஒரே வரைபடத்தில் போட்டால், "கொழுப்பு ஏற நேரம் ஏறும்" என்று நேர்கோடு ஒன்று அழகாகக் கிளம்பும். அந்தக் கோடு காட்டுவது கொழுப்பின் விளைவை அல்ல, ஆண் பெண் இடைவெளியை. ஹீமோகுளோபினும் இதயமும் செய்த வேலைக்குக் கொழுப்பு பழி ஏற்கிறது. ஆண்களையும் பெண்களையும் கலந்து கணக்குப் போட்ட ஆய்வு எதைப் படித்தாலும் முதலில் இதைச் சோதித்துவிடுவது நல்லது. பெண்களின் எண்ணிக்கை குறைவாக உள்ள ஆய்வுகளில் இன்னொரு சங்கடம்: இருக்கும் தொடர்பும் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே "பெண்களுக்குக் கொழுப்பு ஒரு பொருட்டே இல்லை" என்று தீர்ப்பெழுதவும் இடமில்லை.

போதாக்குறைக்கு அளவீடே ஆட்டம் காண்கிறது. வீட்டில் ஏறி நிற்கும் எந்திரம் உடலுக்குள் மெல்லிய மின்சாரம் செலுத்திக் கணிக்கிறது. நீர் குடித்ததற்கும் வியர்த்ததற்கும் ஏற்ப அதன் விடை மாறும். நீண்ட ஓட்டம் முடிந்து ஏறினால் ஒன்று சொல்லும், மறுநாள் காலையில் வேறொன்று சொல்லும். உண்மையான ஏற்ற இறக்கத்தைவிடக் கருவியின் தள்ளாட்டம் பெரிதாக இருக்கும்போது, அந்த எண்ணை வாரந்தோறும் துரத்துவதில் என்ன பயன்?

துரத்துவதற்கு விலையும் உண்டு. 58 கிலோ எடை, 22 சதவீதக் கொழுப்பு உள்ள பெண்ணின் கொழுப்பு நீங்கிய எடை சுமார் 45 கிலோ. ஒரு நாளில் 2200 கலோரி சாப்பிடுகிறார். பார்க்கிறவர்களுக்கு அது தாராளமான சாப்பாடு. காலைச் சைக்கிளும் மாலை ஓட்டமுமாக 900 கலோரி எரிகிறது. இதயம், எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 1300, அதாவது கொழுப்பு நீங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் 29 கலோரி. இந்தக் கணக்கில் கிலோவுக்கு 45 கலோரியை ஒட்டி இருந்தால் போதுமானது. 30-க்குக் கீழே நாள்கணக்கில் இறங்கினால் மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் துடிப்பு குலையத் தொடங்குவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். 30 என்பது எல்லோருக்கும் பொருந்தும் கறாரான கோடு அல்ல என்றாலும் எச்சரிக்கைப் பலகையாகக் கொள்ளலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இப்படி உடலுக்கு ஆற்றல் போதாமல் போகும் நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. மாதவிடாய் நின்றுபோவது, எலும்பில் அழுத்த முறிவு, ஓயாத களைப்பு, பயிற்சி செய்தும் முன்னேறாத நேரம் என்று அது வெளிப்படும். ஆண்களுக்கும் வரும், அவர்களிடம் மாதவிடாய் போன்ற வெளிப்படையான அபாயமணி இல்லை என்பதால் தாமதமாகத்தான் தெரியும். நீச்சலும் சைக்கிளும் எலும்புக்கு அதிக அழுத்தம் தராத பயிற்சிகள் என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது.

பெண்களிடம் கொழுப்பைவிட முதலில் பார்க்க வேண்டிய எண் என் வரையில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச்சத்து இருப்பு. மாதவிடாயில் இரும்பு போகிறது. ஓடும்போது பாதம் தரையில் மோதுவதால் சிவப்பணுக்கள் கொஞ்சம் சிதைகின்றன. கடும் பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரம் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இருப்பு தீர்ந்து ரத்தசோகையானால் விஓ2 மேக்ஸ் நேரடியாக விழும். அதைச் சரிசெய்தால் மீண்டு வருவதில் எந்த மர்மமும் இல்லை. ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன பிறகே மாத்திரை, ஏனென்றால் இரும்பு மிகுந்தாலும் கேடு. மாதவிடாய்ச் சுழற்சியின் கட்டங்களுக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றச் சொல்லும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் செயல்திறனில் அந்தக் கட்டங்களின் சராசரி விளைவு மிகச் சிறியது, ஆளுக்கு ஆள் வேறுபடுவது. தன் குறிப்பேடே போதும்.

வயதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முப்பதுகளின் நடுப்பகுதி வரை அயர்ன்மேன் நேரம் நன்றாகவே இருக்கும். பிறகு வரும் சரிவு சைக்கிளில் மெதுவாகவும் நீச்சலிலும் ஓட்டத்திலும் சற்று வேகமாகவும் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் சைக்கிளில் இளையவர்களைத் திணறடிப்பதை எந்தப் போட்டியிலும் காணலாம்.

இவ்வளவு அளவீடுகளுக்கு நடுவே நெக்ட்லே குழுவினருக்கு அயர்ன்மேன் நேரத்தை நன்றாக முன்கூட்டிச் சொன்னவை, தோல்மடிப்பு இடுக்கி தேவைப்படாத இரண்டு எண்கள்: அந்த ஆளின் சிறந்த மாரத்தான் நேரமும், ஒலிம்பிக் தூர டிரையத்லானில் சிறந்த நேரமும். நியாயம்தான். விஓ2 மேக்ஸ், த்ரெஷோல்ட், சிக்கனம், எடை, இரும்பு, தாக்குப்பிடிக்கும் திறன் எல்லாம் ஏற்கெனவே கூட்டிக் கழிக்கப்பட்டு அந்த இரண்டு நேரங்களுக்குள் இருக்கின்றன. இடைப்பட்ட மாதங்களில் முன்னேற்றத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை ஒரே பாதையில் நான்கு மணி நேரம் சைக்கிள் மிதித்து, இறங்கியதும் அரை மணி நேரம் ஒரே இதயத்துடிப்பில் ஓடி, அந்த அரை மணியில் போன தூரத்தைக் குறித்துக்கொள்வது. தூரம் கூடினால் பயிற்சி வேலை செய்கிறது. எடை குறைந்தும் தூரம் குறைந்தால், குறைந்தது கொழுப்பு மட்டுமல்ல என்று சந்தேகிக்க வேண்டும்.